பழைய காலத்து வாசனை பைப் புகையிலை: ஊருக்கே மணக்குது, என் வாயில மட்டும் ஒண்ணும் தெரியல, ஏன்?

தஞ்சோங்_பையன்:
வணக்கம் மக்களே, மலேசியாவுல பினாங்கு ஜார்ஜ் டவுன்லேர்ந்து எழுதுறேன். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில ஒரு பிரையர் மரத்து பைப் கெடைச்சுது, வளைஞ்ச டைப்பு, வாயில வைக்கிற கருப்பு பாகம் மட்டும் பச்சையடிச்சு மங்கிப் போயிருந்துச்சு, மத்தபடி புகையிலை போடற கிண்ணம் நல்லா கெட்டியா இருக்கு, விக்கிறவர் சொன்ன வெலையில பாதிக்கு முடிச்சேன். சின்ன வயசுல எங்க எஸ்டேட்ல கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) ஒருத்தர் சாயங்காலம் ஆனா பைப் பத்த வெச்சிக்கிட்டு லயத்து ரோட்ல நடப்பாரு, அவரு போன பெறகும் அந்த வெண்ணிலா செர்ரி வாசம் அங்கயே நிக்கும். அது என்ன பிராண்டுன்னு கேக்க இப்ப ஆள் இல்ல. சரி அந்த மாதிரி ஒண்ணு ட்ரை பண்ணுவோம்னு மச்சான் வெளிநாட்டுலேர்ந்து வரும்போது ஒரு பௌச் வாங்கிட்டு வரச் சொன்னேன் (பேரு வேணாம், பழைய கம்பெனிதான்).

பௌச்ச தொறந்தா உலர்ந்த பழம், சாக்லேட்டு, அப்படி ஒரு வாசம். சிகரெட்னா மூக்க பொத்துற என் வீட்டுக்காரம்மாவே பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க. ஆனா எனக்கு? வாயில வெறும் சூடான காத்துதான். பாதி கிண்ணத்துக்கு அப்புறம் குளுகுளுன்னு தண்ணி சத்தம், அஞ்சாறு இழுப்புக்கு ஒருக்கா அணைஞ்சு போவுது, மறுநா நாக்கு நுனி பொத்துப்போயி சம்பல் வாயில வைக்க முடியல. பைப் பழசுங்கறதாலயா, புகையிலை சரியில்லயா, இல்ல இந்த வகையே இப்படித்தானா? பழைய ஸ்டைல்ல வேற எது ட்ரை பண்ணலாம்? ஒரு தகவலுக்கு, நான் சிகரெட்ட விட்டு வருஷக்கணக்கா ஆச்சு.

செந்தூல்_பெருசு:
தம்பி, மூணுமே கொஞ்சம் கொஞ்சம். மொதல்ல ஒண்ண தெரிஞ்சிக்க, வாசனைப் புகையிலைய பத்த வெச்சா அதுல பாதி சுகம் பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான். காப்பிக்கொட்ட வறுக்கற எடத்துல வர்ற வாசம் கப்புல வருதா? அதே கதைதான்.

இது எப்படி செய்றாங்கன்னா, பெரும்பாலும் பர்லி இல்லன்னா கேவண்டிஷ் எலைதான் அடிப்படை. பர்லி காத்துல காய வெச்ச எலை, அதுல சக்கரை ரொம்ப கம்மி, ஆனா பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சிக்கும், அதனாலதான் அதுக்கு ரெண்டு தடவ மருந்து போடுவாங்க. மொதல்ல சக்கரை, லிக்கரிஸ் (அதிமதுரம்), கொக்கோ இந்த மாதிரி ஒரு ஊறல், கடைசியா பேக் பண்றதுக்கு முன்ன மேல ஒரு வாசனைத் தெளிப்பு. கேவண்டிஷ்ங்கறது ஒரு எலை வகையே இல்ல, ஆவியில வேக வெச்சு அழுத்தி எடுக்கற முறை. கருப்பா வழவழன்னு இருக்கே, அது இதுதான். மேல தெளிச்ச வாசனை பாதி நெருப்பு பட்டதும் பறந்துடும், அது ரூமுக்குப் போவுது, உன் நாக்குக்கு வரல.

அடுத்தது ஈரம். பௌச்சுல காயாம இருக்க ப்ரோபிலீன் கிளைக்கால் சேப்பாங்க, அது தண்ணிய புடிச்சி வெச்சிக்கும். ஈரமான புகையிலை எரியாது, அணையுது, நீ விடாம இழுக்குற, இழுத்தா சூடாவுது, உள்ள இருக்கற தண்ணி ஆவியாயி நேரா நாக்குல அடிக்கிது. நீ கேட்ட குளுகுளு சத்தம் அந்த ஆவி மறுபடியும் தண்ணியாயி தண்டுல நிக்கறது. நீ வாங்கினது வளைஞ்ச பைப்புங்கற, வளைவுல இன்னும் சீக்கிரமா தேங்கும். பைப் கிளீனர் ஒண்ண நடுவுல உள்ள விட்டு எடு, பழுப்பா நனைஞ்சு வரும் பாரு.

மருந்து என்னன்னா காய வை. ஒரு கிண்ணத்துக்கு வேண்டியத மட்டும் காயிதத்துல பரப்பி வை, ரெண்டு வெரலுக்கு நடுவுல வெச்சு அழுத்தி விட்டா அப்படியே கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்தா இன்னும் ஈரம், மெதுவா விரிஞ்சு வந்தா பத்த வைக்கலாம். ரொம்ப மொறுமொறுன்னு காய விட்டுடாத, அதுவும் நாக்க கடிக்கும். கிண்ணத்துல அடியில லூசா போடு, மேல போகப்போக கொஞ்சம் அழுத்து. மொதல் தீய சுத்தி காட்டி மேல்பக்கம் கருகினதும் டாம்பரால (புகையிலைய அமுக்கற சின்னக் கருவி) லேசா அமுக்கிட்டு மறுபடி பத்த வை. அப்புறம் மெதுவா, அணைஞ்சுடுமோன்னு பயந்தா போதும், அந்த வேகந்தான் சரியான வேகம். அணைஞ்சா அணையட்டும், மறுபடி பத்த வெச்சுக்கலாம், என்ன அவசரம்.

தஞ்சோங்_பையன்:
நன்றிண்ணே. ஆனா இங்க இப்ப மழ காலம், துணியே காயல, காயிதத்துல வெச்ச புகையிலை எங்க காயும்? காலைல வெச்சது மத்தியானமும் அப்படியே பிசுபிசுன்னுதான் இருக்கு.

செந்தூல்_பெருசு:
ஏர்கோன் ரூம்ல வைடா. பினாங்கு ஈரக்காத்துல ஜன்னலோரமா வெச்சா ஈரத்த வாங்கிக்கத்தான் செய்யும். மீதிய மூடி இறுக்கமா இருக்கற கண்ணாடி ஜாடியில போட்டு வை, பௌச்ச நம்பாத. மேல பஞ்சு மாதிரி வெள்ளையா பூத்துச்சுன்னா பூஞ்சைதான், யோசிக்காம தூக்கிப் போட்டுடு.

பிரையர்_மாமா:
பெரியவர் சொன்னதுல முக்காவாசி சரி, ஆனா எல்லாப் பழியையும் ஈரத்து மேலயே போடறத நான் ஒத்துக்க மாட்டேன். வெர்ஜினியா எலையில சக்கரை ஜாஸ்தி, வேகமா இழுத்தா அதுவும் நாக்க பொசுக்கும், அதுல தெளிப்பே இல்லன்னாலும்.

தம்பி கேட்ட முக்கியமான விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லல. பழைய ஸ்டைல்னா எது? இன்னிக்கு வர்ற வெண்ணிலா, கேரமல் அயிட்டம் எல்லாம் கொஞ்சம் லேட்டா பரவுனது. ருசியும் வேணும் வாசமும் வேணும்னா பர்லி பக்கம் போங்க. பிரின்ஸ் ஆல்பர்ட்டுன்னு ஒரு பிராண்டு, 1907-ல அமெரிக்காவுல ரெனால்ட்ஸ் கம்பெனி கொண்டாந்தது, ஏழாம் எட்வர்டுக்கு ராஜாவாகறதுக்கு முன்ன இருந்த பேருதான் அதுக்கு வெச்சாங்க. வாசம் அடக்கமாத்தான் இருக்கும், ஆனா கொட்டை வறுத்த மாதிரி ஒரு ருசி கடைசி வரைக்கும் நாக்குல தெரியும். எஸ்டேட் காலத்து வாசம் வேணும்னா எரின்மோர் தேடிப் பாருங்க, பெல்ஃபாஸ்ட்டு முர்ரே கம்பெனி ஆரம்பிச்ச சரக்கு, டின்ன தொறந்தா அன்னாசி வாசம்னு பாதிப் பேரு சொல்லுவாங்க. துரைமாருங்க காலத்துல இங்க்லாந்து சரக்குதான் இங்க அதிகம், கிராணியாரு பைப்புல இருந்ததும் அந்தப் பக்கத்து சரக்கா இருக்க நெறய வாய்ப்பு இருக்கு.

இன்னொரு ரகம் இருக்கு, இங்க்லாந்து வடக்க கெண்டல் ஊர்ல செய்றது, லேக்லாந்துன்னு சொல்லுவாங்க. ரோஜா, ஜெரேனியம், டோங்கா கொட்டை எல்லாம் கலந்து பாட்டி பெட்டியில வெச்ச சோப்பு மாதிரி இருக்கும். டோங்கா கொட்டையில இருக்கற கூமரின்தான் அந்த வெட்டுன புல்லு வாசத்துக்குக் காரணம், அமெரிக்காவுல 1954-ல அத சாப்பாட்டுல சேக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. எனக்கு ரொம்பப் புடிக்கும், என் தம்பிக்கு அதே புகைல தலைவலி வந்துடும். ஆனா ஒண்ணு, இத நல்ல பைப்புல போடாதீங்க, அந்த வாசம் மரத்துக்குள்ள போயி குடியிருக்கும், அப்புறம் எத போட்டாலும் சோப்புதான்.

அதனாலதான் உங்க செகண்ட் ஹேண்ட் பைப்ப பத்தியும் கேக்கணும். அதுக்கு முன்ன யாரு என்ன குடிச்சாங்களோ தெரியாது, கிண்ணத்துக்குள்ள மூக்க வெச்சுப் பாருங்க. பழைய நெடி இருந்தா குடிக்கிற வகை ஆல்கஹால்ல நனைச்ச பஞ்ச ராத்திரி முழுக்க கிண்ணத்துல வெச்சா இழுத்துக்கும். உப்பு போட்டு செய்றவங்களும் இருக்காங்க, கிண்ணம் வெடிச்ச கதையெல்லாம் கேட்டிருக்கேன், பஞ்சே போதும். பச்சையடிச்ச வாய்ப்பாகம் வல்கனைட்டு, கந்தகம் சேத்த ரப்பரு, வெளிச்சத்துல வெச்சா அப்படித்தான் ஆவும், மெல்லிசா தேச்சா கருப்பு திரும்பிடும். வாசனை ரகங்கள ட்ரை பண்ண மக்காச்சோளக் கட்டையில செஞ்ச காப் பைப் ஒண்ணு வெச்சுக்கோங்க, மிசௌரில வாஷிங்டன்ங்கற ஊர்ல 1869-லேர்ந்து செய்றாங்க, வெல கம்மி, ஈரத்தையும் உறிஞ்சிக்கும்.

பல்லு_அக்கா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், பல் கிளினிக்ல வேல செய்றவ. உள்ள இழுக்கலன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுக்கறாங்க, பைப் புகை வாய் வழியாவே நிகோட்டின ஏத்தும். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் எல்லாமே பைப்புலயும் வரும். இன்னொண்ணு, சிகரெட்ட விட்டவங்க பைப்புக்கு வந்தா பழக்க தோஷத்துல உள்ள இழுத்துடுவாங்க, தம்பி சிகரெட்ட விட்டுட்டேன்னு சொன்னத எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. நாக்குல பொத்தது ரெண்டு வாரத்துக்கு மேல ஆறலன்னா வந்து காட்டுங்க. வீட்டுக்காரம்மாவுக்கு வாசம் புடிச்சிருக்குன்னா அவங்களும் அந்தப் புகையத்தான் இழுக்கறாங்க, அதையும் யோசிங்க.

ஆயர்_ஈத்தாம்_அண்ணே:
அக்கா சொன்னது நெசம். கூடவே சட்டமும், சாப்பாட்டுக் கடையில 2019 ஜனவரிலேர்ந்து தடை, மாமாக் கடைல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பைப்பு வெச்சிக்கிட்டு உக்கார முடியாது, மூணு மீட்டர் தள்ளிப் போவணும். 2024 அக்டோபர்லேர்ந்து புதுச் சட்டம் வேற வந்துட்டு, அதுப்படி ஆன்லைன்ல விக்கவே கூடாது. டெலிகிராம்ல யாராச்சும் டின் வெச்சிருக்கேன்னு வந்தா ஒதுங்கிக்கங்க.

தஞ்சோங்_பையன்:
அக்கா, நீங்க சொன்னத வீட்டுல படிச்சுக் காட்டிட்டேன், இனிமே உள்ள இல்ல, மாடிப் படிக்கட்டுலதான்னு உத்தரவு. உள்ள இழுக்கற பழக்கம் அப்பப்ப வருது, உண்மதான், அதனால வாரத்துல ஒருக்காதான்னு வெச்சிருக்கேன். ஏர்கோன்ல காய வெச்சது நல்லாவே வேல செஞ்சுது, தண்ணி சத்தம் போச்சு, நாக்கும் தப்பிச்சுது. ருசின்னு பாத்தா அடியில கால்வாசி கிண்ணத்துல மட்டும் லேசா கொக்கோ மாதிரி. மாமா, பிரின்ஸ் ஆல்பர்ட்டயும் இப்படி காய வைக்கணுமா?

பிரையர்_மாமா:
அதுக்கு அவ்வளவு பாடு வேணாம், ஜாடிலேர்ந்து எடுத்து கொஞ்ச நேரம் காத்தாட விட்டா போதும். ஆனா காப் பைப்புல மொதல்ல போடுங்க, பிரையர்ல ஒங்க பழைய பௌச்சு நெடி இன்னும் இருக்கும்.