பழைய பிஎம்டபிள்யூ 330ஐ கார் வாங்குகிறேன்: எந்த வாரன்டியை எடுப்பது? நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

அண்ணாநகர்வாசி | 4 மார்ச் 2025, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். பழைய கார்கள் விற்கும் ஒரு கடையில் பிஎம்டபிள்யூ 330ஐ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்ததில் மிகவும் பிடித்துவிட்டது, வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். வாரன்டியில்தான் குழப்பமாக இருக்கிறது. கம்பெனி பேக்கேஜ் 2027 வரை இருப்பதால் வேறு எதுவும் தேவையில்லை என்று கடைக்காரர் முதலில் சொன்னார். பிறகு, மன நிம்மதிக்காக வேண்டுமென்றால் 85,000 ரூபாய்க்குக் கடையின் சொந்த ஓராண்டு வாரன்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் மைத்துனரோ இன்ஷூரன்ஸில் என்ஜின் புரொடெக்ட் சேர்த்தாலே போதும் என்கிறார். நாளை மாலைக்குள் ஒரு லட்சம் முன்பணம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் எது நல்லது என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை | இரவு 11.08

எந்த ஆண்டு வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது, எத்தனையாவது உரிமையாளர், எந்த மாநிலப் பதிவு? இந்த நான்கும் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. 330ஐ என்ற பெயரில் பழைய தலைமுறையான எஃப்30 உடலிலும் வண்டி உண்டு, 2019 ஆகஸ்டில் இங்கே அறிமுகமான ஜி20 உடலிலும் உண்டு.

பழைய சாவி | இரவு 11.21

தம்பி, முப்பது லட்சத்துக்கு மேல் செலவு செய்யப்போகிறவர் முப்பது நிமிடம் ஒதுக்கித் தாள்களைப் படித்திருக்கலாம். இதே கேள்வி இங்கே பலமுறை வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறேன். வாரன்டி என்பது ஓர் ஒப்பந்தம். அதை எழுதிக் கொடுப்பவர் யார், எந்தெந்தப் பாகங்களை விலக்கியிருக்கிறார், ஒரு முறைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் பார்க்காமல் விலையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கடைக்காரர் வாயால் சொன்னதை இங்கே எழுதி எங்களிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். முதலில் அந்த வாரன்டித் தாளைப் படமெடுத்துப் போடுங்கள்.

கோவை பொறியாளர் | இரவு 11.40

அவர் அவசரத்தில் இருக்கிறார் ஐயா, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம்.

அண்ணாநகர் நண்பருக்கு: என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரீமேப். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவிசை என்று கம்பெனியிலிருந்து வரும் இந்த எஞ்சினுக்கு மென்பொருளை மாற்றி இன்னும் சக்தி ஏற்றுவது மிக எளிது. விற்கும்போது பழைய மென்பொருளைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். கம்பெனி வொர்க்ஷாப்பில் கணினியை மாட்டினால் அந்தத் தடயம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதன்பின் எஞ்சின், கியர்பாக்ஸ் தொடர்பாக நீங்கள் கேட்கும் எந்த உரிமைக்கோரிக்கையும் நிற்காது. ஆகவே வாரன்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைச் சோதியுங்கள்.

பழைய சாவி | இரவு 11.52

கோவையில் இருப்பவருக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் ரீமேப்தான் நினைவுக்கு வருகிறது. நாற்பது வயதுக்காரர் குடும்பத்தோடு ஓட்டிய செடானுக்கு யார் ரீமேப் செய்யப் போகிறார்கள்? கேள்வி வாரன்டியைப் பற்றியது.

அண்ணாநகர்வாசி | 5 மார்ச், காலை 6.35

மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். ஜி20 உடல், 2021 மார்ச்சில் பெங்களூரில் பதிவானது, கே.ஏ. எண். 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டாவது உரிமையாளர் 2022 ஆகஸ்டில் வாங்கியிருக்கிறார், சென்னையில் வேளச்சேரியில் வசிக்கிறார், பதிவு எண்ணை இன்னும் மாற்றவில்லை. கேட்கும் விலை 33.5 லட்சம். வாரன்டித் தாளைப் பணம் கட்டிய பிறகுதான் கொடுப்பார்களாம். 2027 வரையிலான பேக்கேஜ் பற்றிக் கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் "சர்வீஸ் இன்குளூசிவ்" என்று இருக்கிறது.

விதிமுறை | காலை 7.15

நண்பரே, உங்கள் கடைசி வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சர்வீஸ் இன்குளூசிவ் என்பது வாரன்டி அல்ல. அது எஞ்சின் ஆயில், ஃபில்டர் போன்ற வழக்கமான பராமரிப்புக்கு முன்கூட்டியே பணம் கட்டிய திட்டம், 3 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரில் தொடங்கி 10 ஆண்டு அல்லது 2,00,000 கிலோமீட்டர் வரை பல அளவுகளில் விற்கப்பட்டது. கியர்பாக்ஸ் பழுதானால் அந்தத் திட்டம் ஒரு ரூபாய்கூடத் தராது. பழுதுக்கான நீட்டிப்புத் திட்டத்தின் பெயர் ரிப்பேர் இன்குளூசிவ். இந்தத் தலைமுறை வண்டிக்கு அடிப்படை வாரன்டி 2 ஆண்டு, அதன் பின் மூன்றாம் ஆண்டிலிருந்து அதிகபட்சம் ஆறாம் ஆண்டு வரை ரிப்பேர் இன்குளூசிவால் நீட்டிக்க முடியும். இரண்டு பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால் விற்பவர்களேகூட மாற்றிச் சொல்வதுண்டு.

ஆகவே இன்று காலையே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். வண்டியின் சேசிஸ் எண்ணை வாங்கி, உரிமையாளரின் ஒப்புதலோடு கம்பெனி டீலரிடம் இரண்டு தேதிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சர்வீஸ் எதுவரை, ரிப்பேர் எதுவரை. 2021 மார்ச் வண்டி என்றால் அடிப்படை வாரன்டி 2023 மார்ச்சோடு முடிந்திருக்கும். பிறகு ஓராண்டு நீட்டித்தார்களா, இரண்டாண்டா, நீட்டிக்கவே இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாண்டு என்றால் இந்த மாதமே முடிகிறது. முடிவதற்கு முன் நீட்டிப்பது வேறு, முடிந்த பிறகு கெஞ்சுவது வேறு.

உங்கள் மைத்துனர் சொன்ன என்ஜின் புரொடெக்ட், தண்ணீர் புகுந்தோ ஆயில் கசிந்தோ எஞ்சினுக்குள் சேதம் வந்தால் உதவும் இன்ஷூரன்ஸ் சேர்க்கை. தானாகத் தேய்ந்து கெட்டுப்போகும் பாகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சென்னையில் அது அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை வாரன்டிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

மதுரைக்காரர் | காலை 7.50

வேளச்சேரி என்று படித்ததும் எனக்குப் பதறுகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதி எப்படிக் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். இந்த மாடலில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது, அடித்தளத்தை ஒட்டி மின்னணுப் பெட்டிகளும் ஒயர்களும் ஓடுகின்றன. ஒரு முறை தண்ணீர் நின்றிருந்தால் இரண்டு ஆண்டு கழித்துக்கூட ஒவ்வொன்றாகப் பழுது காட்டும், நீரால் வந்த சேதம் என்று சொல்லி எந்த வாரன்டியும் கைகழுவிவிடும்.

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிமுனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முன் இருக்கைகளின் அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, டிக்கியின் தரை விரிப்புக்குக் கீழே வண்டல், விளக்குகளுக்குள் நீர்த்தடம் ஆகியவற்றையும் பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிமுறை | காலை 8.05

மதுரைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இன்ஷூரன்ஸ் தாளில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது உரிமை கோராத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏறும், சொந்தச் சேதத்துக்கு உரிமை கோரினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். இப்போதைய உரிமையாளர் 2022 ஆகஸ்டில் வாங்கியவர் என்பதால் 2024 ஆகஸ்டில் புதுப்பித்த தாளே போதும். அதில் போனஸ் பூஜ்யம் என்றால் அதற்கு முந்தைய ஓராண்டில் ஏதோ நடந்திருக்கிறது. போனஸ் உரிமையாளரோடு போகும், உங்களுக்கு வராது. ஆனால் வண்டியின் கதையை அது சொல்லிவிடும். பெயர் மாற்றிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

திருச்சி மெக்கானிக் | காலை 9.30

நான் பல ஆண்டுகளாக ஜெர்மன் வண்டிகளில் வேலை செய்கிறேன். வெளிப்படையாகச் சொன்னால் எந்த வாரன்டியும் வேண்டாம். நீட்டிப்புக்கு ஆகும் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள், பழுது வந்தால் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யுங்கள், வராவிட்டால் பணம் உங்களுடையது. நல்ல வெளி வொர்க்ஷாப்பில் கம்பெனி விலையில் பாதிக்கு வேலை முடியும். இந்த 8 கியர் இசட்எஃப் பெட்டி சரியாகப் பராமரித்தால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்வதை நம்பாதீர்கள்.

கோவை பொறியாளர் | காலை 9.48

கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்த வகையில் திருச்சிக்காரர் சொல்வது சரி. ஆனால் வாரன்டி நடப்பில் இருக்கும்போது வெளியில் அந்தப் பெட்டியைத் திறந்தால் அந்தப் பாகத்துக்கான உரிமை போய்விடாதா?

திருச்சி மெக்கானிக் | காலை 10.02

சரியான ஆயிலை ஊற்றி, பில்லையும் வைத்திருந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பழைய சாவி | காலை 10.20

"யாரும் எதுவும் சொல்ல முடியாது" என்பது உங்கள் விருப்பம், ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. நான் படித்த எந்த நீட்டிப்பு வாரன்டியிலும் அங்கீகரிக்கப்பட்ட வொர்க்ஷாப்புக்கு வெளியே செய்த வேலையின் விளைவுகளை விலக்கும் வரி இல்லாமல் இருந்ததில்லை. வங்கியில் போடும் யோசனையும் முதல் ஆண்டிலேயே பெரிய பழுது வந்தவனுக்கு எப்படி உதவும்? நான் முன்பு வைத்திருந்த ஒரு ஜெர்மன் செடானில், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனபோது 4 லட்சத்து 10,000 ரூபாய் பில் வந்தது. அப்போது வாரன்டி முடிந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த வலி தெரிந்ததால்தான் கடுமையாகப் பேசுகிறேன்.

திருச்சி மெக்கானிக் | காலை 10.31

அதே யூனிட்டைப் பிரித்துச் சரிசெய்யும் ஆட்கள் அந்தத் தொகையில் ஒரு பங்குக்கு முடித்திருப்பார்கள். எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிது போடும் முறைக்கே இவ்வளவு விலை ஆகிறது என்றுதான் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை | காலை 10.45

இருவரும் கியர்பாக்ஸ் ஆயிலைத் தனி இழையில் பேசுங்கள். இந்த வண்டி 41,000 ஓடியிருக்கிறது, ஆயில் மாற்றும் பேச்சுக்கே இப்போது இடமில்லை.

அண்ணாநகர் நண்பரே, கடையின் 85,000 ரூபாய் வாரன்டியைப் பற்றி ஒன்று. இத்தகைய திட்டங்களில் எஞ்சினுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் ஆயிலில் நனையும் பாகங்களுக்கு மட்டுமே பொறுப்பேற்பார்கள். டர்போ, சென்சார், ஏசி கம்ப்ரசர், சஸ்பென்ஷன், திரை போன்றவை பெரும்பாலும் வெளியே நிற்கும். நான்கு வயது வண்டியில் அடிக்கடி செலவு வைப்பவை அவைதாம். பணம் கட்டிய பிறகுதான் தாளைக் காட்டுவோம் என்றால் அதை எண்ணிக்கையிலேயே சேர்க்காதீர்கள்.

கே.ஏ. பதிவு என்பதால் படிவம் 28 என்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்து ஆயுள் வரி கட்ட வேண்டும், கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் தனியாக விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2023 நவம்பரிலிருந்து வரி 20 சதவீதம் என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் அந்தக் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் தேவை. 33.5 லட்சம் என்பது உங்கள் இறுதிச் செலவு அல்ல.

மதுரைக்காரர் | மாலை 6.10

அண்ணாநகர் நண்பரே, முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? காலையிலிருந்து உங்களைக் காணவில்லை.

அண்ணாநகர்வாசி | 7 மார்ச், இரவு 9.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். டீலரிடம் கேட்டதில் 2027 வரை இருப்பது சர்வீஸ் திட்டம் மட்டும்தான், ரிப்பேர் இன்குளூசிவ் இந்த மார்ச் 22-ஆம் தேதியோடு முடிகிறது. போனஸ் 25 சதவீதம் இருக்கிறது, சீட் பெல்ட், டிக்கி எல்லாம் சுத்தம். ஆனால் நீட்டிப்புக்கு முன் செய்த சோதனையில் எஞ்சின் மென்பொருள் ஒரு முறை மாற்றப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள், முதல் உரிமையாளர் காலத்தில் நடந்திருக்கலாம் என்கிறார்கள். முன்பணம் கொடுக்கவில்லை. கோவை நண்பருக்கு நன்றி.

பழைய சாவி | இரவு 9.41

கோவை பொறியாளரின் சந்தேகம் சரியாக இருந்திருக்கிறது. நான் அவசரப்பட்டு மறுத்தது தவறு.

கோவை பொறியாளர் | இரவு 10.03

பரவாயில்லை ஐயா. அண்ணாநகர் நண்பரே, எஞ்சின், கியர்பாக்ஸை மட்டும் விலக்கிவிட்டு மற்ற பாகங்களுக்கு நீட்டிப்புத் தர அவர்கள் ஒப்புக்கொண்டார்களா, அல்லது முழுவதுமாக மறுத்துவிட்டார்களா? இதே நிலையில் ஒரு வண்டியை என் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான், அதனால் கேட்கிறேன்.

நெடுஞ்சாலை | 12 மார்ச், காலை 8.15

எனக்கும் அந்தப் பதில் தேவை. 22-ஆம் தேதிக்கு முன் தெரிந்தால் நல்லது.