தலைகீழ் கெளுத்தி என்று வாங்கியது ஒரு சாண் வளர்ந்துவிட்டது: இது என்ன மீன்?

பார்வதிபுரத்தான்:
நாகர்கோவிலில் ஒரு வண்ணமீன் கடையில் ‘தலைகீழ் கெளுத்தி’ என்று சொல்லித் தந்த குஞ்சு இது. வாங்கும்போது விரல் நீளம், பழுப்பில் வரிவரியாக இருந்தது, மல்லாந்தே நீந்தும். இப்போது ஒரு சாணை எட்டப்போகிறது. உடல் சாம்பல் நிறமாகிக் கரும்புள்ளிகள் விழுந்துவிட்டன. மல்லாந்து நீந்துவதும் அபூர்வமாகிவிட்டது. முதுகுத் துடுப்பு உயர்ந்து, நுனியில் நூல் நூலாக நீள்கிறது. பகலெல்லாம் குழாய்த் துண்டுக்குள் கிடக்கிறது. இரவு விடிந்தால் தொட்டியிலுள்ள சிறு கப்பி மீன்களில் ஒன்றிரண்டு குறைகின்றன. கடைக்காரரோ, “அதே மீன்தான், நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்” என்கிறார். யாருக்காவது தெரியுமா?

தக்கலைவாசி:
டேங்க் கிளீனராக இருக்கும். அதுவும் முதுகுத் துடுப்பை இப்படித்தான் விரிக்கும்.

குலசேகரம் அக்கா:
டேங்க் கிளீனர் என்றால் உடம்பு முழுக்க ஓடு போர்த்தியிருக்கும், வாய் கண்ணாடியில் ஒட்டும். அது தென் அமெரிக்க இனம். தம்பி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து மீசையைப் பாருங்கள். எத்தனை, எதில் கிளை பிரிகிறது? வயிறு முதுகைவிடக் கறுப்பா?

பார்வதிபுரத்தான்:
பார்த்தேன் அக்கா. ஓடு இல்லை, செதிலும் இல்லை. மீசை ஆறு. மேல்தாடையில் இருக்கும் இரண்டும் நீளமானவை, கிளை இல்லை. கீழ்த்தாடையின் நான்கிலும் சிறு சிறு கிளைகள். வால் ஆழமாகப் பிளந்திருக்கிறது. வயிறு அப்படி ஒன்றும் கறுப்பில்லை. இன்னொரு விஷயம்: வலையில் பிடித்தபோது கிறீச்சென்று கத்தியது, மார்புத் துடுப்பு மாட்டிக்கொண்டு விடவே இல்லை.

குலசேகரம் அக்கா:
அந்தக் கிளை மீசையும் சத்தமும் போதும், சினோடாண்டிஸ்தான். ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரிய கெளுத்திப் பேரினம். கடைக்காரர் சொன்ன தலைகீழ் கெளுத்தி காங்கோ படுகையின் சினோடாண்டிஸ் நிக்ரிவென்ட்ரிஸ், 10 செ.மீ. அளவோடு நின்றுவிடும். மல்லாந்து நீந்தும்போது மேலே தெரிவது வயிறு என்பதால், அதற்கு முதுகைவிட வயிறுதான் கறுப்பு. உங்களுடையது சினோடாண்டிஸ் யூப்டெரஸ், வளர்ப்பவர்கள் ஃபெதர்ஃபின் என்பார்கள். வெள்ளை நைல், நைஜர், வோல்டா பகுதி மீன். குஞ்சில் வரி, வளர்ந்தபின் புள்ளியும் நூலும். குஞ்சுப் பருவத்தில் இதுவும் மல்லாந்து நீந்தும், அதனால்தான் இரண்டும் ஒரே பெயரில் விற்கின்றன. 30 செ.மீ. வரை போகலாம். கப்பி அதன் வாய்க்கு அளவான இரை, வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

சத்தம் தொண்டையிலிருந்து வருவதில்லை. மார்பு முள்ளின் அடிப்பகுதி மூட்டுக்குழியில் உரசும் ஒலி அது. முள்ளை விரித்துப் பூட்டியும்விடும். இனி வலை வேண்டாம். மாட்டிக்கொண்டால் வலையைக் கத்தரியுங்கள், முள்ளை வளைக்காதீர்கள்.

மார்த்தாண்டம் மீன்பித்தன்:
பண்ணைகளிலிருந்து சினோடாண்டிஸ் கலப்பினங்களும் வருகின்றன. படம் போடாமல் இனத்தை அடித்துச் சொல்ல வேண்டாமே.

குலசேகரம் அக்கா:
நியாயம்தான். பக்கவாட்டில், துடுப்பை விரித்த நிலையில் ஒரு படம் போடுங்கள் தம்பி. கலப்பாகவே இருந்தாலும் வளர்க்கும் முறை மாறாது: நான்கடித் தொட்டி, பதுங்க மண்சட்டி, விளக்கணைத்த பிறகு அடியில் அமிழும் தீவனம். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவையில்லை.

பார்வதிபுரத்தான்:
நான்கடித் தொட்டிக்கு வீட்டில் இடமே இல்லை. தேரூர் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

தேரூர்க்காரர்:
வேண்டவே வேண்டாம் மக்களே! பிழைத்துக்கொண்டால்தான் பெரும் தொல்லை. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீருக்குள் இருப்பதை நினைப்பதில்லை. எங்கள் நாட்டுக் கெளுத்தியும் குரவையும் அங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன. டேங்க் கிளீனர் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியதும் இப்படி விட்டதால்தான். என்னிடம் ஐந்தடித் தொட்டி இருக்கிறது, அதில் பெரிய சிக்லிட் மீன்கள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவர வேண்டும். பாலித்தீன் பையை முள் கிழித்துவிடும்.

பார்வதிபுரத்தான்:
சரி அண்ணாச்சி, காலையிலேயே வருகிறேன். படம் இன்று இரவு போடுகிறேன் அக்கா.