சியாங் மாயில் ஓய்வுக்கால விசா: பணத்தை எப்போது போடுவது?

கேள்வி: வயது 61. நான்-ஓ (Non-O, குடியேற்றம் அல்லாத வகை) விசாவில் தாய்லாந்தின் சியாங் மாய் வந்திருக்கிறேன். ஓராண்டு நீட்டிப்புக்கு வங்கியில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டுமாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் போட்டால் போதுமா?

பதில்: போதாது ஐயா. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே பணம் தாய்லாந்து வங்கியில், உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். விசா தருவதோ 90 நாள்தான். நாளைக்கே கணக்கைத் தொடங்குங்கள். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடாதீர்கள். அதன்பின் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. விண்ணப்பிக்கும் நாள் காலையில் சிறு தொகை போட்டு, பாஸ்புக்கில் பதிந்து எடுத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி தம்பி. இடையில் கோவை போய் வரலாமா?

மற்றொருவர்: தாராளமாக. ஆனால் மறுநுழைவு அனுமதி கட்டாயம்; ஒருமுறைக்கு 1,000 பாட். அது இல்லாமல் விமானம் ஏறினால் நீட்டிப்பே செல்லாது.