2:1 ஏவி புளொக் (இதயத்தின்ர மேலறையில இருந்து கீழறைக்குப் போற மின்சைகை தடைப்படுறது), ஆராவது விளங்கப்படுத்துங்கோ

அக்காமார் அண்ணாமார், நான் கிளிநொச்சி, நேர்சிங் ரெண்டாம் வருசம். இதயத்துடிப்பைத் தொடக்கிற எஸ்ஏ நோட் நிமிசத்துக்கு 60–100 துடிப்பு, அது படுத்தா மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில இருக்கிற ஏவி நோட் 40–60, அதுவும் கைவிட்டா கீழறையில இருக்கிற பேர்க்கிஞ்சி நார் 20–40 எண்டு வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கிட்டன், பிஆர் (மேலறை அலை தொடங்கினதில இருந்து கீழறை அலை தொடங்குமட்டும் உள்ள நேரம்) 0.12–0.20 செக்கன், ஈசிஜி தாளில 3–5 சின்னப் பெட்டி, அதுவரைக்கும் பிரச்சினையில்ல. இடைக்கிடை சைகை கீழறைக்குப் போகாம விடுற செகண்ட் டிகிரி புளொக்கிலதான் மண்டை காயுது. டைப் 1இல பிஆர் நீண்டு நீண்டு போய் ஒரு துடிப்பு விடுபடும், டைப் 2இல நீளாமலே திடீரெண்டு விடுபடும், சரி. ஆனா 2:1 எண்டு ஒண்டு விட்டொண்டு விடுபட்டா நீளுதோ இல்லையோ எண்டு எதை வச்சுப் பாக்கிறது? கியூஆர்எஸ் (ஈசிஜியில கீழறையின்ர அலை) அகலத்தைப் பாக்கோணுமோ? தமிழில நோட்ஸ் இருந்தா படம் எடுத்துப் போடுங்கோ, வீடியோ வேண்டாம், இங்க கவரேஜ் சரியான மோசம்.