மறு: நீச்சல் குளத்துக்குப் பணம் – வரைபடத்தை மாற்றிவிட்டுக் கேளுங்கள்

அன்புள்ள சங்கத்து உறவுகளுக்கு, வணக்கம்.

நம் ஊரில் நீச்சல் குளம் கட்ட வீட்டுக்கு வீடு 250 யூரோ, ஆடிப்பெருக்குக்குள் அனுப்ப வேண்டும் என்று சங்கத்திலிருந்து வந்த மடலுக்குத்தான் இந்தப் பதில். அதற்கு முன்னால் அவசரமான ஒன்று. சின்ன அத்தை போன வாரம் ஊருக்குப் போயிருந்தார். குளத்துக்காகக் களத்துமேட்டில் ஜேசிபி தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் ஆள் மட்டத்துக்கு நிற்கிறதாம். சுற்றி ஒரு கயிறு கூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்களாம். கீழத்தெரு அண்ணே, நீங்கள்தான் இப்போது ஊரில் இருக்கிறீர்கள். நாளைக்கே ஆள் விட்டு, சவுக்குக் கழி நட்டு அடைத்துவிடுங்கள். கூலியும் கழி விலையும் நான் தருகிறேன், சங்கக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி குளத்துக்கு வருகிறேன். தோஹா மாமா அனுப்பிய வரைபடத்தில் நீளம் 25 மீட்டர், அகலம் பன்னிரண்டரை மீட்டர், ஒரு முனையில் நான்கடி, மறுமுனையில் ஒன்பதடி, அங்கே ஒரு குதிக்கிற பலகை, வாசலில் தாத்தா பெயரில் ஆர்ச். மாமா, எங்கள் அப்பாவுக்கு நீங்கள் விசா எடுத்துக் கொடுத்ததை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. சுற்றுவட்டாரமே நம் ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்கிற உங்கள் ஆசையும் புரிகிறது. ஆனால் ஒரு தாய் பிள்ளையோடு இறங்கி நிற்க இந்த வரைபடத்தில் இடமே இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே நான்கடிதான். அந்தப் பலகைக்கும் ஒன்பதடி போதாது. ஒரு மீட்டர் உயரப் பலகைக்கே கீழே பதினோரடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். தலை அடிபட்டால் கழுத்து போய்விடும். பலகையை எடுத்துவிடுங்கள்.

நாம் எல்லாரும் கெடிலம் ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள். பையன்களுக்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள், ஒரு கோடையில் நீந்தப் பழகிவிடுவார்கள். பெண்கள் நாங்கள் முழங்கால் தண்ணீரில் துணி அலசிவிட்டு, சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு வீடு திரும்புவோம். ஆற்றோரம் பிறந்தும் என் வயதுப் பெண்களில் யாருக்கு நீச்சல் தெரியும், சொல்லுங்கள். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் பக்கம் அதே கெடிலத்துத் தடுப்பணையில் ஏழு பேர் மூழ்கிப் போனார்களே, ஏழு பேரும் பெண்கள். குளம் யாருக்காக வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

பொம்பளைப் பிள்ளைகள் குளத்தில் இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று சிங்கப்பூர் சித்தப்பா எழுதியிருந்தார். சித்தப்பா, அங்கே ஆரம்பப் பள்ளியிலேயே ஸ்விம்சேஃபர் என்று நீச்சலைப் பாடமாகக் கற்றுத் தருகிறார்கள். உங்கள் பேத்தி சான்றிதழ் வாங்கிய படத்தை நீங்கள்தான் இந்தக் குழுவில் போட்டீர்கள், நானும் சந்தோஷப்பட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும்.

நான் இருக்கும் பாரிஸ் புறநகரில் நகராட்சிக் குளத்துக்குப் பிள்ளைகளோடு போய்ப் பழகியவள் என்பதால் சொல்கிறேன். ஒரு பக்கம் படியே இல்லாமல் தரையோடு தரையாகத் தொடங்கிச் சரிய வேண்டும், பன்னிரண்டு அடி நடந்தால் ஓர் அடி ஆழம் என்கிற கணக்கில். தவழ்கிற பிள்ளையும் இறங்கலாம், முட்டிவலிப் பாட்டியும் இறங்கலாம். பெரிய குளம் நாலரை அடியைத் தாண்ட வேண்டாம். உடை மாற்றும் அறை, ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிற அகலத்தில் இருக்க வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஈரப்பையைத் தொங்கவிட ஒரு கொக்கி. இதில்லாவிட்டால் நம் பெண்கள் முதல் நாளோடு நின்றுவிடுவார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடையை அனுமதியுங்கள்; பருத்தி நைட்டியோடு இறங்கினால் நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும்.

குழந்தைகளுக்கென்று தனித் தொட்டி வேண்டும்; அதற்குத் தனி மோட்டார், தனி வடிகட்டி. சின்னப் பிள்ளைகள் தண்ணீரிலேயே ஒன்றுக்குப் போய்விடும், யாரும் தடுக்க முடியாது. அது குளோரினோடு சேர்ந்து குளோரமின் ஆகிறது. கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் வாடையும் அதனால்தான். பெரிய குளத்துத் தண்ணீர் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்தால் போதும், பிள்ளைகள் தொட்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சுற்ற வேண்டும். மேலே கூரையும் வேண்டும். நம் ஊர் வெயில் குளோரினைத் தின்றுவிடும்.

தண்ணீரை இழுக்கிற குழாய் வாயைப் பற்றி வரைபடத்தில் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவில் 2002ல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, தொட்டியின் அடியில் இருந்த வடிகாலின் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். 2007ல் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. மோட்டாருக்கு இரண்டு வாய், மூன்றடிக்குக் குறையாத இடைவெளி, உடம்பு ஒட்டிக்கொள்ளாத குவிந்த மூடி. இதில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாது. அடியில் பச்சை டைல்ஸ் வேண்டாம், வெள்ளையோ வெளிர் நீலமோ போடுங்கள்; அப்போதுதான் அடியில் கிடக்கும் பிள்ளை மேலிருந்து கண்ணில் படும்.

ஆலைப் பெரியப்பா நூலகச் சுற்றுச்சுவர் ரசீதை மறுபடியும் கேட்டிருக்கிறார். கேட்கட்டும், நியாயம்தான். தானே புயல் நிவாரணப் பட்டியலில் எங்கள் அம்மா பெயர் விடுபட்ட வருத்தம் எனக்கும் இன்னும் இருக்கிறது. ஆனால் பெரியப்பா, பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மதிப்பீடு கட்டுகிற செலவோடு நின்றுவிடுகிறது. இந்த ஆழத்துக்கு ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரில் ஐம்பது வண்டி. ஆழத்தைக் குறைத்தால் பாதியாகிவிடும். மிச்சமாகும் பணத்திலும் ஆர்ச்சுக்கு ஒதுக்கிய பணத்திலும் குளத்தில் நின்று உயிர் காக்க இரண்டு காவலர்களுக்குச் சம்பளம் போடலாம், அதில் ஒருவர் கட்டாயம் பெண். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்து வைக்கலாம் என்று மடலில் இருக்கிறது. செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது வெறும் தொட்டியை அடியிலிருந்து தூக்கி வெடிக்க வைத்துவிடும். மோட்டார் அறையையும் தரைக்குக் கீழே வைக்காதீர்கள், 2015 வெள்ளத்தில் களத்துமேட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று. என் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். என்னைப் போன்றவர்கள் அனுப்பும் நன்கொடை சட்டப்படி வெளிநாட்டுப் பணம். சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. செயலாளர் முதலில் இதைத் தெளிவுபடுத்தட்டும்.

வரைபடம் மாறி, பதிவு விவரமும் வந்துவிட்டால் 250 இல்லை, 500 தருகிறேன். வெள்ளிக்கிழமை இணையக் கூட்டம் தோஹாவுக்கு வசதி என்றால் எனக்கும் சரி. ஆனால் அன்றைக்கு சின்ன அத்தையும் ஊரிலிருந்து அங்கன்வாடி டீச்சரும் பேச வேண்டும், அவர்கள் பேசிய பிறகு மற்றவர்கள் பேசலாம்.

அன்புடன்,
மேலத்தெரு மணியக்காரர் வீட்டுப் பேத்தி
சார்செல்