டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை வியன்னா: அப்பா, அம்மா, 7 வயதுப் பையனோடு எப்படித் திட்டமிடுவது?

மாம்பலம்வாசி:

பையனுக்கு அரைப்பரீட்சை 23-ம் தேதிதான் முடிகிறது, அதனால் தேதியை முன்னால் தள்ள வழியில்லை. 2026 டிசம்பர் 24 காலை வியன்னாவில் இறங்கி, ஜனவரி 1 மாலை கிளம்புவதாக யோசனை. மொத்தம் ஐந்து பேர். அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 66, மூட்டுவலி உண்டு. இருவரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை.

கிறிஸ்துமஸ் சந்தைகள், பனி, ஷோன்ப்ருன் அரண்மனை இவை கட்டாயம். நடுவில் இரண்டு நாள் ப்ராக், ஒரு நாள் ஹால்ஸ்டாட் சேர்க்கலாமா? எந்தப் பகுதியில் தங்குவது? எட்டு நாளில் உருப்படியாக என்ன பார்க்கலாம்?

குளிர்வாடை:

தேதியைப் பற்றி முதலில் பேசிவிடலாம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஆஸ்திரியாவில் பண்டிகையின் உச்சம் 24 மாலை. அன்று மளிகைக் கடைகள் மதியம் 2 மணிக்கே சாத்திவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 2026-ல் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்போதுமே கடை கிடையாது. ஆக வியாழன் மதியம் சாத்தினால் திங்கள் 28 காலைதான் திறப்பார்கள். ஹவுப்ட்பான்ஹோஃப், ப்ராட்டர்ஷ்டெர்ன் போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் விதிவிலக்கு. ஊரே அங்கு வந்து நிற்கும், பால், ரொட்டியெல்லாம் சீக்கிரம் காலியாகும்.

அதனால் 24 காலை இறங்கியதும் பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டு நேரே மளிகைக்குப் போங்கள். பால், தயிர், ரொட்டி, பழம், காய்கறி என்று நான்கு நாளுக்கு வாங்கி வையுங்கள். சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுக்க இதைவிடக் காரணம் வேண்டாம். அன்று இரவு உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும், ஹோட்டல்களுக்குள் இருப்பவை முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.

சந்தைகள்: நகரசபைக்கு எதிரே ராட்ஹவுஸ்ப்ளாட்ஸில் நடப்பதுதான் பெரியது, அது 26 வரை. ஷ்பிட்டல்பெர்க், கார்ல்ஸ்ப்ளாட்ஸ் இரண்டும் 23-ம் தேதியே முடிந்துவிடும், உங்களுக்குக் கிடையாது. ஷோன்ப்ருன் சந்தை ஜனவரி முதல் வாரம் வரை தொடரும். 24 அன்று மதியத்துக்கு மேல் கடைகளை ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள், அன்றைய தினத்தைச் சந்தைக்கு நம்பாதீர்கள். ராட்ஹவுஸ்ப்ளாட்ஸை 25 மாலைக்கு வையுங்கள்.

25 பகலில் ஷோன்ப்ருன். அரண்மனையும் அதன் தோட்டத்தில் உள்ள மிருகக்காட்சிசாலையும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், பண்டிகை நாளும் சேர்த்து. 1752-ல் தொடங்கிய அந்த மிருகக்காட்சிசாலைதான் உலகில் இன்றும் இயங்குபவற்றில் பழையது. பாண்டா உண்டு, பையன் விடமாட்டான். அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். அன்று வேறெங்கும் போக இடமில்லாத அத்தனை சுற்றுலாப் பயணிகளும் அங்கேதான் இருப்பார்கள், நேரில் போய் வாங்கினால் இரண்டு மணி நேரம் கழித்துள்ள நேரம்தான் கிடைக்கும்.

இன்னொன்று வெளிச்சம். டிசம்பர் கடைசியில் சூரியன் காலை 7.45 வாக்கில்தான் எட்டிப்பார்க்கும், மாலை 4 மணிக்கெல்லாம் மறையும். வெளியே பார்க்க வேண்டியதை 10 முதல் 3.30-க்குள் முடியுங்கள். அருங்காட்சியகமும் சந்தையும் இருட்டிய பிறகு. ஆல்பர்ட்டினா அருங்காட்சியகம் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும், மற்ற நாள் 6 வரை. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓவியர் ப்ரூகலின் அறையை விடாதீர்கள். 1565-ல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ அங்கேதான் இருக்கிறது. சாதாரண மாதங்களில் திங்கள் அதற்கு விடுமுறை, பண்டிகை வாரத்தில் மாறும் என்பதால் 28-க்குப் போடுமுன் இணையதளத்தைப் பாருங்கள். ஆல்பர்ட்டினா, மேல் பெல்வெடேர், இந்த அருங்காட்சியகம் மூன்றிலும் 19 வயதுக்குக் கீழே இலவசம், பையனின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஷோன்ப்ருனில் அந்தச் சலுகை கிடையாது.

ரயிலடி:

ப்ராக் வேண்டாம். வியன்னாவிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம், போக ஒரு அரை நாள், வர ஒரு அரை நாள், பெட்டி கட்டிப் பிரிப்பது வேறு. எட்டு நாளில், அதிலும் 4 மணிக்கே இருட்டும் காலத்தில், பெரியவர்களோடு அது கட்டுப்படியாகாது. ஊர் மாற்றம்தான் வேண்டுமென்றால் ப்ராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

ஹால்ஸ்டாட்டைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வியன்னாவிலிருந்து ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம், ஆட்னாங்-புக்ஹைமில் வண்டி மாற வேண்டும். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில், அங்கிருந்து படகு. படகு ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடும், மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். 7 மணிக்குக் கிளம்பினாலும் ஊரில் கால் வைக்கப் பதினொன்று ஆகும், நாலரைக்கு இருட்டு. ஒரு நாளில் போய்வருவது ரயிலைப் பார்க்கத்தான் உதவும்.

பனிக்கு செம்மரிங் போங்கள். வியன்னா நகரம் தாழ்வான இடம், டிசம்பரில் பெரும்பாலும் சாம்பல் வானமும் ஈரக் காற்றும்தான், தரையில் பனி தங்குவது அதிர்ஷ்டம். செம்மரிங் நிலையம் சுமார் 900 மீட்டர் உயரத்தில். ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். போகிற பாதையே பார்க்க வேண்டியது: கார்ல் ஃபான் கேகா 1848 முதல் 1854 வரை கட்டிய மலை ரயில்பாதை, 41 கிலோமீட்டரில் 16 வயடக்ட் பாலங்கள், 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில். மேலே ஹிர்ஷென்கோகல் மலையில் பனிச்சறுக்கு வண்டி வாடகைக்கு எடுத்துப் பையன் சறுக்கலாம். ஆனால் அங்கேயும் டிசம்பர் கடைசியில் பனி நிச்சயமில்லை. நாளைக் குறித்து வைக்காமல் 28, 29, 30 மூன்றையும் திறந்து வையுங்கள், முந்தைய நாள் மாலை மலையின் வெப்கேமராவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன்கூட்டி எடுக்கும் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரே வண்டிக்குத்தான் செல்லும், இந்தப் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வழக்கமாக மூன்று ரயில் இருக்கும். பச்சை நிறத்தில் பெரிதாக விளம்பரம் செய்யும் சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் வீன் மிட்டே நிலையத்துக்கு 16 நிமிடம். அதே இடத்துக்கு எஸ்7 சாதாரண வண்டி 25 நிமிடம், கட்டணம் பாதிக்கும் கீழே. ஒன்பது நிமிடத்துக்காக ஐந்து டிக்கெட்டுக்கு அவ்வளவு கொடுப்பது வீண். ஹவுப்ட்பான்ஹோஃப் பக்கம் தங்கினால் ரெயில்ஜெட் எனும் விரைவு ரயிலே கால் மணியில் கொண்டுவிடும், எஸ்7 கட்டணம்தான். நகர டிக்கெட் விமான நிலையம் வரை செல்லாது, கூடுதல் டிக்கெட் சேர்க்க வேண்டும். காகித டிக்கெட் வாங்கினால் நுழைவாயிலில் உள்ள நீலப் பெட்டியில் முத்திரை குத்துங்கள். தடுப்புக் கதவு எதுவும் இல்லாததால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான், அபராதம் ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல்.

தங்க 4, 6, 7-வது வட்டங்கள் நல்லவை, யூ3 அல்லது யூ4 மெட்ரோ பாதை அருகில் இருந்தால் போதும். ஹவுப்ட்பான்ஹோஃப் சுற்றுப்புறம் அழகில்லை, ஆனால் யூ1, ரயில், ஞாயிறும் திறக்கும் கடை மூன்றும் ஒரே இடத்தில். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் சரி. ஒரு எச்சரிக்கை: பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே ‘ஹோஹ்பார்ட்டேர்’, ‘மெட்ஸனீன்’ என்று இரண்டு அரைமாடிகள் இருக்கும், எண்ணிக்கையில் அவை வராது. ‘இரண்டாம் மாடி’ என்று போட்டிருப்பது கால்களுக்கு நான்கு மாடி. லிஃப்ட் உண்டா என்பதோடு, தெருவாசலிலிருந்து லிஃப்டுக்கு எத்தனை படி என்றும் எழுதிக் கேளுங்கள்.

மாம்பலம்வாசி:

ப்ராக், ஹால்ஸ்டாட் இரண்டையும் எடுத்துவிட்டேன். அம்மா புடவைதான் கட்டுவார், அதை மாற்றச் சொல்ல முடியாது. அந்தக் குளிரில் சமாளிக்க முடியுமா? சாப்பாடு, விசா பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கம்பளி:

தாராளமாகக் கட்டலாம், உள்ளே போடுவதைச் சரியாகப் போட்டால் போதும். பகலில் 3, 4 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. படுத்துவது காற்றுதான்.

அம்மாவுக்கு: உள்பாவாடைக்குள் ஃப்ளீஸ் வைத்த லெகிங்ஸ், ஜாக்கெட்டுக்குள் முழுக்கை தெர்மல், மேலே முட்டிக்குக் கீழே வரும் நீளக் கோட்டு. புடவையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி கட்டச் சொல்லுங்கள். நடைபாதையில் வழுக்காமலிருக்க உப்பும் பொடிக்கல்லும் தூவுவார்கள், கரை நனைந்தால் உப்புக்கறை பிடிக்கும். அதைவிட முக்கியம், எஸ்கலேட்டரில் சிக்காது. பட்டு வேண்டாம், சிந்தெடிக் சீக்கிரம் காயும்.

எல்லோருக்கும் பொது: பருத்தி பனியன் மேல் தெர்மல் போடாதீர்கள். நடந்தால் வியர்க்கும், பருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் குளிர் அங்கிருந்துதான் ஏறும். தெர்மல் நேராக உடம்பில் படட்டும், மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஒரே தடிமனான ஸ்வெட்டர் தப்பான யோசனை. கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் 22 டிகிரி இருக்கும், கழற்ற முடியாமல் வேகும்.

ஷூவில்தான் காசு போட வேண்டும். ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் அடிப்பாகம், தண்ணீர் புகாத மேல்தோல், வழக்கத்தைவிட அரை அளவு பெரிது. இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலை நம்பாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். உதட்டுக்கும் கைக்கும் வாஸ்லீன். கைபேசியை உள்பையில் வையுங்கள், குளிரில் பாட்டரி 30 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும், சூடேறியதும் திரும்ப வரும்.

குளிர்வாடை:

சாப்பாடு. சந்தையில் ‘சைவம்’ என்று தோன்றுவதெல்லாம் உங்கள் வீட்டுச் சைவம் அல்ல. உருளைக்கிழங்கு அடையிலும் கைஸர்ஷ்மார்ன் எனும் இனிப்பு அடையிலும் முட்டை உண்டு, கேஸெஷ்பெட்ஸ்லே எனும் சீஸ் நூடுல்ஸின் மாவிலும் உண்டு. தெளிவான சூப் என்றால் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. பூசணி சூப் கிரீமாக வந்தாலும் அடியில் என்ன சாறு என்று கேளுங்கள். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், ஓனே ஐ’ (இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்) என்று தாளில் எழுதிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். சந்தையில் கவலையில்லாமல் சாப்பிடக்கூடியது மரோனி, அதாவது சுட்ட செஸ்ட்நட். ‘வேகன்’ என்று எழுதியிருந்தால் முட்டையும் கிடையாது, அப்பா அம்மாவுக்கு அந்தச் சொல்லைத் தேடுவதே சுலபம்.

பூன்ஷ் என்று ஆவி பறக்க ஊற்றித் தருவது மது கலந்தது. பையனுக்கும் பெரியவர்களுக்கும் ‘கிண்டர்பூன்ஷ்’ என்று கேளுங்கள், பழச்சாறு மட்டும். கோப்பைக்குச் சில யூரோ முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் வரும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். 1873-லிருந்து ஆல்ப்ஸ் ஊற்று நீர்தான் குழாயில் வருகிறது.

மருந்தை ஊரிலிருந்தே, சீட்டோடு, கைப்பெட்டியில் கொண்டுபோங்கள். அங்கே பாராசிட்டமால்கூட ‘அபோதேக்’ எனும் மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் இருக்காது. விடுமுறை நாட்களில் முறை வைத்து ஒன்றிரண்டுதான் திறக்கும், எது என்று 1455-ஐ அழைத்தால் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் 144.

முத்திரை:

விசா: எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டில் விண்ணப்பம், உங்களுக்கு ஆஸ்திரியா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து போடலாம், அதாவது ஜூன் 24 முதல். சட்டப்படி 15 நாளில் முடிவு, தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு நவம்பரில் நேரம் தேடினால் கிடைக்காது, செப்டம்பரில் முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்தால் பணம் திரும்பாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள், மலிவான திட்டங்களில் அது இருக்காது.

விமானம்: ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் ஷெங்கன் (ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகள்) குடிவரவு அங்கேயே. புதிய நுழைவுப் பதிவு முறையில் முகப்படமும் எடுப்பதால் வரிசை நீளம், மாறும் நேரம் இரண்டரை மணிக்குக் குறையக் கூடாது. துபாய், தோஹா வழி என்றால் குடிவரவு வியன்னாவில், நடுவில் அந்தப் பதற்றம் இல்லை. ஆனால் தாமத இழப்பீட்டில் வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய நிறுவன விமானத்துக்குப் போக, வர இரண்டுக்கும் ஐரோப்பிய விதி பொருந்தும். வளைகுடா நிறுவனத்துக்கு வியன்னாவிலிருந்து கிளம்பும்போது மட்டும். பனியால் நின்றால் இழப்பீட்டுத் தொகை வராது, சாப்பாடும் ஹோட்டலும் கொடுத்தாக வேண்டும்.

ரயிலடி:

31 இரவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நடுநகரம் முழுக்க மேடைகள் போட்டு ஸில்வெஸ்டர்ஃபாட் எனும் புத்தாண்டுத் தெருவிழா நடக்கும். 12 மணிக்கு ஸ்டெஃபான்ஸ்டோம் பேராலயத்தின் பும்மெரின் மணி, அடுத்து டான்யூப் வால்ட்ஸ், தெருவிலேயே ஆடுவார்கள். ஸ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸில் நெருக்கம் தாங்காது, தரையெல்லாம் உடைந்த கண்ணாடி. பையனையும் பெரியவர்களையும் ராட்ஹவுஸ்ப்ளாட்ஸ் ஓரத்தில் நிறுத்துங்கள், 8 மணிக்குப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினாலும் நஷ்டமில்லை. யூ-பான் எனும் மெட்ரோ அன்று விடிய விடிய ஓடும். 1-ம் தேதி மறுபடி எல்லாக் கடையும் மூடல், ஊருக்கு வாங்க வேண்டிய சாக்லேட்டை 30-ம் தேதியே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.