புது போனுக்கு மாறின பிறகு உங்களை உறுத்துற விஷயம் எது?

மொட்டைமாடி

வேகம், திரை, சார்ஜ் ஏறுறது, எதுலயும் குறை சொல்ல மாட்டேன். கேமராவுக்காகத்தான் போனை மாத்தினதே. கடுப்பும் அதுலதான்.

வீட்டு விசேஷம். பாட்டிய ஜன்னல் பக்கம் உட்கார வச்சு ஒரு போட்டோ. வெளிச்சம் ஒரு பக்கமா விழுது. கன்னத்துச் சுருக்கம், நெத்தியில சின்ன வயசுத் தழும்பு, எல்லாம் திரையில அப்படியே தெரியுது. அழுத்தினேன். ஓரத்துல வந்த சின்னப் படத்தைத் தொட்டுத் திறந்தேன். ஒரு நொடி அதே பாட்டி. அப்புறம் ஒரு வட்டம் சுத்துச்சு, படம் டக்குனு மாறுச்சு. சுருக்கம் பாதி காணோம். தழும்பு இருந்த இடம் மொழுக்குனு இருக்கு. முடி மட்டும் இழை இழையா, பேனாவால கோடு போட்டாப்புல. எல்லாம் என் கண்ணு முன்னாடியே நடக்குது. பாட்டி போனை வாங்கிப் பார்த்துட்டு, "யாருடா இவ, நல்லாத்தான் இருக்கா"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

பழைய போன்ல ராத்திரி எடுத்தா புள்ளி புள்ளியா வரும், ஒத்துக்கறேன். ஆனா தழும்பு வரும்.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும்ல? சொல்லுங்க.


ஆந்தைக்கண்

கால் ரெக்கார்டிங். அதை நம்பிப் பிழைச்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

நான் ஆர்டர் எடுத்துத் தைக்கிறவ. அளவு, நிறம், என்னைக்கு வேணும், எல்லாம் போன்லதான் சொல்வாங்க. அப்புறம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ம்பாங்க. பழைய போன்ல எல்லாக் காலும் தானா பதிவாகும், சத்தமே இருக்காது. புதுசுல டயலர், அதான் கால் பண்ற ஆப், வேற. பட்டன் இருக்கேன்னு அழுத்தினேன். இந்த அழைப்பு பதிவாகுதுன்னு ஒரு குரல் நடுவுல புகுந்து, ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி சொல்லுச்சு. அந்தப் பக்கம் இருந்தவர் என்கிட்ட ரொம்ப வருஷமா தைக்கக் கொடுக்கிறவர். பேச்சு அப்படியே நின்னுச்சு. "என்னம்மா, என்னையே ரெக்கார்டு பண்றியா?" "இல்ல சார், அளவு மறந்துடக் கூடாதுன்னு..." "எழுதி வச்சுக்க." வச்சுட்டார். இப்பவும் ஆர்டர் கொடுக்குறார், ஆனா எல்லாம் மெசேஜ்ல, ஒரு வரி ரெண்டு வரி.

தனியா ஆப் போடுங்கன்னு யாரும் கிளம்ப வேணாம். பிளே ஸ்டோர் ஆப்புக்கெல்லாம் அந்த வழி 2022 மே மாசத்தோட அடைபட்டுடுச்சு. சொல்லிட்டுப் பதிவு பண்றதுதான் முறை, பல நாட்டுல சட்டமே அப்படித்தான், அதெல்லாம் சரி. பெட்டி மேல இத்தனை எழுதறாங்க, இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.


கணக்குப்பிள்ளை

@மொட்டைமாடி, கேமராவைத் திட்டுறதுக்கு முன்னாடி செட்டிங்ஸுக்குள்ள போங்க.

முதல்ல பியூட்டி, அதான் முகத்தை மழமழன்னு ஆக்குறது. பல போன்ல வாங்கும்போதே ஆன்ல இருக்கும். போர்ட்ரெய்ட்டுக்குத் தனி, சாதா போட்டோவுக்குத் தனி. ஒண்ணை அணைச்சா இன்னொண்ணு அணையாது. செல்ஃபிக்கும் தனியாப் பாருங்க. அடுத்தது ஏஐன்னு பேர் போட்டு எது இருந்தாலும் அணைங்க. அடுத்தது ஹெச்டிஆர். நீங்க ஒரு தடவை அழுத்தினா போன் ஒரே ஒரு படம் எடுக்குதுன்னு நினைச்சுக்காதீங்க. மளமளன்னு பல படம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, புள்ளிகளைத் துடைச்சு, ஓரங்களைக் கூராக்கித்தான் கையில கொடுக்கும். அந்த வட்டம் சுத்துறது இந்த வேலைக்குத்தான். தழும்பு எது, புள்ளி எதுன்னு அதுக்குத் தெரியாது, ரெண்டையும் துடைச்சுடும்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்கியிருந்தா அதுவும் வேற கதை. 200னு போட்டிருக்கும், சாதாரணமா எடுத்தா 16 பிக்சலை ஒண்ணாச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் வரும். 108ன்னா ஒன்பதைச் சேர்த்து 12. முழுசா வேணும்னா அதுக்குன்னு இருக்குற மோடுக்குப் போகணும், நல்ல வெளிச்சமும் வேணும். இதெல்லாம் வேணாம்னா ப்ரோ மோட்ல 'ரா' எடுங்க, அதான் இந்தத் துடைக்கிற வேலை இல்லாத மூலப் படம். டிஎன்ஜி கோப்பா வரும், சைஸ் பெருசு, நிறத்தை நீங்களேதான் சரி பண்ணணும். முகம் நீங்க பார்த்த முகமா இருக்கும்.

என் அனுபவம்: புது போன்ல மேக்ரோ லென்ஸ், 2 மெகாபிக்சல். ஒரு எறும்பை எடுத்தேன். கறுப்பா ஏதோ இருக்கு.


மொட்டைமாடி

பியூட்டி பூஜ்யத்துலதான் இருக்கு, எல்லா மோடுலயும். ராவும் எடுத்துப் பார்த்தாச்சு. தழும்பு இருக்கு, பாட்டி முகத்துல ரத்தம் இல்ல. விசேஷ வீட்டுல ஒரு மூலையில உட்கார்ந்து நிறம் சரி பண்ணிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?


தூக்கம்வரல

என் பழைய போன் திரை எல்சிடி. புதுசு அமோலெட்ங்கிற வேற வகைத் திரை. கறுப்புன்னா கறுப்பு, கையில வாங்கினதும் அசந்துட்டேன்.

ராத்திரி படுத்துக்கிட்டு, வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் குறைச்சு வச்சுப் படிக்கிற பழக்கம் எனக்கு. புது போன்ல கொஞ்ச நேரத்துலயே வலது கண்ணுக்குப் பின்னாடி குத்தல் ஆரம்பிச்சுடுது. கண்ணாடி பவர் மாறிடுச்சோன்னு போய்ப் பரிசோதிச்சா அதே பவர்தான். அப்புறம் தம்பி போன்ல ப்ரோ மோடு போட்டு, ஷட்டர் வேகத்தைக் கூட்டி, அதுவழியா என் திரையைப் பார்த்தேன். கறுப்புப் பட்டை பட்டையா ஓடுது. வெளிச்சத்தைக் கூட்டினா பட்டை மெலியுது, குறைச்சா தடிக்குது. அதாவது இது வெளிச்சத்தைக் குறைக்கிறதே அணைச்சு அணைச்சு எரிய விட்டுத்தான். பல அமோலெட்ல நொடிக்கு 240 தடவை, சிலதுல 480 தடவை, இன்னும் சிலதுல அதுக்கும் மேல. நேரா பார்த்தா தெரியாது. எல்லாருக்கும் வலிக்கவும் வலிக்காது. எனக்கு வலிக்குது. பெட்டியில கொட்டை எழுத்துல 120 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கே, அது படம் மாறுற வேகம். இந்த மினுக்கு வேற.

வெளிச்சத்தை முழுசா வச்சுக்கிட்டு, மேல ஒரு மங்கலாக்குற ஆப்பைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். பேட்டரி போகுது, போகட்டும்.


வெட்டிவீரன்

எல்லாம் மனசு. இருட்டுல உத்துப் பார்த்தா எந்தத் திரையும் வலிக்கத்தான் செய்யும். புதுசு வாங்கின ஜோர் அடங்கினதும் குறை தேடுறது மனுஷ சுபாவம். நானும் மாத்தி ரொம்ப நாளாச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல.

ஐஆர் மட்டும் கிடையாது, அதான் போனையே டிவி ரிமோட்டா ஆக்குற வசதி. டிவி ரிமோட் தொலைஞ்ச அன்னைக்குத்தான் தெரிஞ்சது. எஃப்எம்மும் இல்ல. அது பரவாயில்ல. இல்ல, எஃப்எம் இருந்திருக்கலாம்.


தூக்கம்வரல

பழைய போனையும் இருட்டுலதாங்க பார்த்தேன். அப்ப மனசு எங்க போயிருந்துச்சு?


மதியம்

எல்லோரும் கேமரா, திரை என்று பேசுகிறீர்கள். என்னுடையது அற்பமாகத் தோன்றலாம்.

பேசும்போது போனைக் காதில் வைத்தால் திரை அணைய வேண்டும். பழைய போனில் அதற்கென்று மேல் விளிம்பில் ஒரு சென்சார் இருந்தது. புதியதில் அதை எடுத்துவிட்டார்கள். காதுக்குக் கேட்காத ஓர் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து முகம் பக்கத்தில் இருக்கிறதா என்று மென்பொருள் ஊகிக்கிறது. ஊகம் பிசகினால் திரை விழித்துக்கொள்கிறது, கன்னம் எதையாவது அழுத்திவிடுகிறது.

என் அண்ணிக்குத் தந்தை தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு மாலை அண்ணியே அழைத்தார். கடைசி நாட்களில் மருத்துவமனையில் தான் சொன்ன ஒரு கோபச் சொல்லைப் பற்றி ஆரம்பித்தார். இதுவரை யாரிடமும் சொல்லாதது. நான் குறுக்கே பேசாமல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "கேக்குதா? லைன்ல இருக்கியா?" என்றார். "இருக்கேன் அண்ணி." மறுபடியும் "ஹலோ?" "இருக்கேன் அண்ணி, சொல்லுங்க." "ஹலோ?" போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் மியூட் விழுந்திருக்கிறது. அதை எடுப்பதற்குள், "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். உடனே அழைத்தேன். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். விட்ட இடத்துக்கு அவர் வரவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை. என் 'ம்' எதுவரை அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது.

இப்போது யாரிடம் பேசினாலும் ஹெட்செட்தான்.


ஒயர்வாசி

@மதியம், படிச்சுட்டு என்ன சொல்றதுன்னே தெரியல. அண்ணிகிட்ட மியூட் விழுந்த விஷயத்தையாவது சொல்லிடுங்க.

ஹெட்செட்னு சொன்னதால என் கதை. புதுசுல ஹெட்செட் சொருகுற 3.5 மி.மீ. ஓட்டை இல்ல. 2016ல ஐபோன் 7ல எடுத்தப்ப சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன், சரி. சார்ஜ் போடுற யூஎஸ்பி-சி ஓட்டையில ஹெட்செட்டைச் சொருக ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். தங்கச்சி போன்ல பாடுது, என் போன்ல ஊமை. கடையில வேற மாத்தி வாங்கினா அதுவும் ஊமை. விஷயம் என்னன்னா, ஒரு வகைக் கன்வெர்ட்டர் உள்ள வெறும் ஒயர்தான். போனே அனலாக் சத்தத்தை யூஎஸ்பி-சி வழியா அனுப்பினாத்தான் அது பேசும். என் போன் அனுப்பாது. இன்னொரு வகையில உள்ளேயே டாக் (DAC) சிப், அதான் டிஜிட்டலை அனலாக் சத்தமா மாத்துறது, இருக்கும், அது என் போன்ல வேலை செய்யுது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. அட்டையில 'டாக்'னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.


எழுத்தாணி

நான் தமிழ்99 கீபோர்டு முறையில அடிக்கிற ஆள். புது போனுக்கு காண்டாக்ட் வந்துச்சு, போட்டோ வந்துச்சு, வால்பேப்பர்கூட வந்துச்சு. பழைய கீபோர்டு வருஷக்கணக்கா என்கிட்ட கத்துக்கிட்டது மட்டும் வரல.

என் பொண்ணு பேரு கொஞ்சம் அரிதான பேரு. பழசுல ரெண்டு எழுத்து தட்டினா தானா வந்து நிக்கும். புதுசு அதை எழுத்துப்பிழைன்னு முடிவு பண்ணி, ஒரு அரசியல் தலைவர் பேரா மாத்திடுது. காலையில அவசரம், பார்க்காம அனுப்பிட்டேன். இன்னாருக்குக் காய்ச்சல், இன்னைக்கு வகுப்புக்கு வர முடியாதுன்னு தலைவர் பேர்ல டீச்சருக்குப் போயிடுச்சு. அவங்களும் சளைக்காம, "நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுங்க, நாடு காத்திருக்கும்"னு பதில் போட்டாங்க.


பேட்டரிபாண்டி

நான் சொல்றது யாருக்கும் பிடிக்காது. உங்கள்ல பல பேர் போனையே மாத்தியிருக்க வேண்டாம்.

பழைய போன் ஸ்லோன்னு மாத்துறீங்க. பேட்டரி கிழடாயிட்டா, பெரிய வேலை வரும்போது அதால மின்சாரத்தை ஈடு கொடுக்க முடியாது. அதனால சில போன் வேகத்தைக் குறைச்சுக்கும், சிலது 20 சதவீதம் காட்டும்போதே அணைஞ்சுடும். பேட்டரியை மட்டும் மாத்திப் பாருங்க. ஸ்டோரேஜ் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தாலும் திணறும், காலி பண்ணுங்க. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20லருந்து புதுசா வர்ற போன் பேட்டரி 800 தடவை முழுசா ஏத்தி இறக்கின பிறகும் 80 சதவீதம் தாங்கணும்னு விதியே இருக்கு. பேட்டரிதான் போனோட ஆயுசுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

சரி, வாங்கியாச்சு. முதல் சில நாள் சூடாகும், சார்ஜ் நிக்காது. பழைய போட்டோவை எல்லாம் பின்னாடி அலசிக்கிட்டு இருக்கும். அதைப் பார்த்துட்டு உடனே தீர்ப்பு எழுதாதீங்க. 5ஜி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்குற இடத்துல 4ஜிக்கு மாத்தி வைங்க. பழசை அழிக்கிறதுக்கு முன்னாடி லாகின் பண்ண நம்பர் காட்டுற ஆதென்டிகேட்டர் ஆப் கணக்குகளை மாத்திட்டீங்களான்னு பாருங்க, பாதிப் பேர் அழிச்ச பிறகுதான் அலறுறாங்க. வாட்ஸ்அப்புக்கு, ரெண்டும் ஆண்ட்ராய்டுன்னா கூகுள் டிரைவ் பேக்கப் பக்கமே போக வேணாம், 2023லருந்து கியூஆர் காட்டி நேரா மாத்தலாம். பழசுல எஸ்டி கார்டை உள் நினைவகமா ஃபார்மேட் பண்ணியிருந்தீங்கன்னா அதைப் பிடுங்கி வேற எதுல போட்டாலும் திறக்காது. என்கிரிப்ட் ஆகியிருக்கும். பிடுங்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கணும்.

என் கதை சின்னது. ரொம்ப வருஷமா வச்சிருந்த ஒரு அகராதி ஆப், நெட் இல்லாமலே ஓடும். புது போன்ல ஏறல. ஆண்ட்ராய்டு 6.0க்கு முந்தின காலத்துக்குன்னு எழுதின ஆப்பை ஆண்ட்ராய்டு 14லருந்து ஏத்தவே விடாது. செஞ்சவர் அப்டேட் கொடுக்குறதை எப்பவோ நிறுத்திட்டார்.


ஒயர்வாசி

@பேட்டரிபாண்டி, இவ்வளவு சொன்னீங்க, ஒண்ணை விட்டுட்டீங்க. பின்பக்கம் பசை போட்டு ஒட்டின போனைத் திறந்தா தண்ணி தடுக்குற சீல் போயிடும். புது சீல் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கணும். என் பழைய போனுக்கு பேட்டரி மாத்தினேன், சீல் ஒட்டாமலே மூடிக் கொடுத்துட்டாங்க. ஒரே ஒரு மழை. முதல்ல ஸ்பீக்கர் கரகரன்னுச்சு, அப்புறம் மைக் போச்சு. அதனாலதான் ஓட்டை இல்லாத இந்தப் போனையே வாங்க வேண்டியதாச்சு.


பேட்டரிபாண்டி

அது சீல் ஒட்டாம விட்டவங்க தப்பு, பேட்டரி தப்பு இல்ல.